பயணிக்குச் சராசரி வேகம் எதற்கு?

ஆசிரியருக்கு,

வணக்கம். பயணத்தின்போது எந்த நிறுவனத்தின் மொபைல் டேட்டா நன்றாகக் கிடைக்கிறது என்று தங்கள் இதழில் வந்த ஒப்பீட்டைப் படித்தேன். உழைத்துத் தயாரித்திருக்கிறீர்கள். ஆனால் சராசரி வேகத்தை வைத்து நிறுவனங்களை வரிசைப்படுத்தியிருப்பது, ஊர் ஊராகப் போகிறவர்களைத் தவறான சிம் கார்டை வாங்க வைத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

வேகத்தை அளக்கும் செயலிக்குச் சிக்னல் வேண்டும். சிக்னலே இல்லாத இடத்தில் சோதனை நடப்பதில்லை. நடக்காத சோதனை கணக்கில் ஏறுவதுமில்லை. ஒரு நிறுவனம் நகரங்களில் நொடிக்கு 300 மெகாபிட் வேகம் தந்துவிட்டு நடுவழியில் அடியோடு மறைந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று வழிநெடுக 10 மெகாபிட்தான் தருகிறது, ஆனால் எங்கும் அறுபடுவதில்லை. சராசரியில் முதலிடம் முன்னதற்கே போகும். பயணிக்குத் தேவையானதோ பின்னது. வழி பார்க்கவும், டிக்கெட்டைத் திறந்து காட்டவும், வீட்டாரோடு பேசவும் ஓரிரு மெகாபிட் போதும். கைப்பேசித் திரையில் தெளிவாக வீடியோ பார்ப்பதற்கே ஐந்தாறு மெகாபிட் தாராளம். அதற்கு மேல் வரும் வேகம் பயணத்தில் பெரும்பாலும் வீண்தான்.

இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் அலைவரிசை. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் நெடுந்தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அங்கே கிடைக்கும் அலைக்கற்றை குறுகலானது என்பதால் வேகம் மட்டுப்படும். 3500 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 5ஜி அலைகள் வேகத்தை அள்ளித் தரும். டவரை விட்டு விலகினால் சீக்கிரமே தேய்ந்துவிடும். அவற்றை நம்பினால் டவர்களை நெருக்கமாக நிறுத்த வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில் அந்தச் செலவை எந்த நிறுவனமும் எளிதில் ஏற்பதில்லை. எந்த நிறுவனம் எந்த அலைவரிசையை எங்கே பயன்படுத்துகிறது என்பதைத் தங்கள் கட்டுரை ஒரு பத்தியிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

நிறுவனங்களின் கவரேஜ் வரைபடங்களை அப்படியே எடுத்துப் போட்டிருப்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. அவை பெரும்பாலும் கணினி போட்ட மதிப்பீடுகள். வழியெங்கும் போய் அளந்தவை அல்ல. வரைபடத்தில் சிக்னலைக் காட்டும் நிறம் திறந்த வெளியில் நிற்பவருக்குப் பொருந்தினாலும், ரயில் பெட்டிக்குள் இருப்பவருக்குப் பொருந்தாது. பெட்டியின் உலோக உடலும், வெப்பத்தைத் தடுக்கக் கண்ணாடியில் பூசப்படும் மெல்லிய உலோகப் படலமும் சிக்னலைக் கடுமையாகக் குறைக்கின்றன. 20 டெசிபல் இழப்பு என்றால் வெளியே இருப்பதில் நூறில் ஒரு பங்கு சக்திதான் உள்ளே வந்து சேர்கிறது. போதாததற்கு, ரயில் விரையும்போது உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குத் தாவுகின்றன.

திரையின் மூலையில் தெரியும் கோடுகளும் ஒப்பிட உதவாது. எத்தனை கோடு காட்டுவது என்பதற்குப் பொது அளவுகோல் இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார். கோடுகள் முழுதாக இருந்தும் கூட்டம் மிகுந்த டவரில் ஒரு பக்கம்கூடத் திறக்காமல் போகலாம். அதோடு, குறிப்பிட்ட அலைவரிசையை ஏற்காத கைப்பேசியில் நல்ல நெட்வொர்க்கும் மோசமாகத் தோன்றும். எனவே ஒரே மாதிரிக் கைப்பேசிகளில் வெவ்வேறு சிம்களைப் போட்டு, ஒரே வண்டியில், ஒரே நேரத்தில் அளந்தால்தான் அது நியாயமான ஒப்பீடு.

வெளிநாட்டு ரோமிங்கைத் தாங்கள் தொடவே இல்லை. ரோமிங்கில் நம் டேட்டா பல நேரங்களில் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டே இணையத்தை அடைகிறது. பதிவிறக்க வேகம் நன்றாக இருந்தும் வீடியோ அழைப்பில் பேச்சு தாமதமாக வருவதற்கு இந்தச் சுற்றுவழி ஒரு காரணம். அதே டவரில் உள்ளூர் சிம் சுறுசுறுப்பாக இயங்கும்.

அடுத்த முறை ஒப்பிடும்போது, ஒவ்வொரு வழித்தடத்திலும் 2 மெகாபிட்டுக்குக் குறையாமல் கிடைத்த தூரம் எவ்வளவு, தொடர்ந்து சிக்னல் இல்லாத நீளமான பகுதி எது என்பதை வெளியிடுங்கள். காலையிலும், நெரிசல் மிகுந்த மாலையிலும் தனித்தனியாக அளந்து போடுங்கள். பயன்படுத்திய கைப்பேசியின் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகி