கொள்ளையர் கப்பலும் இரண்டரை நிமிடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிரெய்லரே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது என்ற புகார் ஹாலிவுட்டின் கடற்கொள்ளையர் படங்களுக்கும் பொருந்தும். நேரம் குறைவு என்பது சாக்கு அல்ல. ஒரு டிரெய்லருக்கு இரண்டரை நிமிடம் தாராளம். அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர் சங்கம் 2014-இல் இரண்டு நிமிடமே போதும் என்று பரிந்துரைத்தது.

சிக்கல் காட்சிகளை அடுக்கும் வரிசையில்தான். முதல் இருபது விநாடிகளுக்குப் பனிமூட்டம், மரப்பலகையின் முனகல், எங்கோ ஒரு மணியோசை போதும். கறுப்புக் கொடியைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டால் பிறகு காட்ட என்ன இருக்கிறது? பீரங்கிக்கு முன் அரை விநாடி முழு நிசப்தம் வேண்டும். அதை விட்டுவிட்டு வரிசையாக வெடித்தால் மூன்றாவது வெடிக்குள் காது மரத்துவிடும்; கடைசிச் சண்டைக்கு வலுவே இருக்காது.

கப்பலைத் தூரத்திலிருந்து காட்டும் கிராஃபிக்ஸ் ஷாட்டுகள் டிரெய்லர் வெட்டும் வேளையில் பெரும்பாலும் முடிந்திருக்காது. கயிறு, பூட்ஸ், உறையிலிருந்து உருவும் வாள் என்று நெருக்கக் காட்சிகள் குவிவது அதனால்தான். (அவையே பல நேரம் நன்றாகவும் அமைந்துவிடுகின்றன!) படத்தின் பின்னணி இசையும் தயாராகியிருக்காது, வேறு இசையை வாங்கி ஒட்டுவார்கள். திரையரங்கில் அந்த இசையைத் தேடி ஏமாறுவோர் உண்டு.

1995-இல் 'கட்த்ரோட் ஐலண்ட்' என்ற கடற்கொள்ளையர் படம் பெரும் நஷ்டமடைந்தது. வாள்சண்டை மட்டும் கூட்டத்தை இழுக்காது. 2003-இல் வெற்றி பெற்ற 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' கதையில் நிலவொளி பட்டால் எலும்புக்கூடாகும் சாபம் இருந்தது. அந்தச் சாபம் ஏன் வந்தது என்பது போன்ற ஒரு கேள்வியை டிரெய்லர் எழுப்பலாம். விடையை மட்டும் டிக்கெட் வாங்கியவர்களுக்கு விட்டுவைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளர், சென்னை