தவளைத் தோலும் ஃப்ளூ ஊசியும்: அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். "தவளைத் தோலிலேயே ஃப்ளூவுக்கு மருந்து இருக்காம், இனிமே ஊசி எதுக்கு?" என்று கேட்டிருந்தீர்கள். ஆஸ்துமாவோடு இருக்கும் நீங்கள் இப்படிக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. இதே கேள்வி இன்னும் பலருக்கு இருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

தவளை விஷயம் பொய்யில்லை. ஈரத்தோலில் கிருமி எளிதில் குடியேறும். அதைத் தடுக்கத் தவளைகள் தோலிலேயே சின்னச் சின்னப் புரதத் துணுக்குகளைச் சுரக்கின்றன. கேரளத்துத் தவளை ஒன்றின் சுரப்பை வைத்து, திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையத்தினரும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தினரும் 32 துணுக்குகளைச் சோதித்தார்கள். நான்கு துணுக்குகள் ஃப்ளூ வைரஸைத் தாக்கின. ஆனால் அந்த நான்கில் மூன்று, மனித ரத்த அணுக்களுக்கும் நஞ்சாக இருந்தன. மிஞ்சிய ஒன்றுதான் 2017இல் ஆய்வாக வெளியிடப்பட்ட உருமின். வீடியோவில் அந்த மூன்றைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். யாராவது தவளையைப் பிடித்து வைத்தியம் பார்க்கக் கிளம்பினால் என்ன ஆகும்?

சரி, உருமின் என்ன செய்கிறது? ஃப்ளூ வைரஸின் மேல் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் காளான் மாதிரி நிற்கும். அதன் தலை அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும், காம்பு அவ்வளவாக மாறாது. நம் உடல் பெரும்பாலும் தலையைத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது; வருஷா வருஷம் புது ஊசி தேவைப்படுவது அதனால்தான். உருமின் காம்பைப் பிடித்து வைரஸையே உடைத்துவிடுகிறது. ஒசல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரைக்கு அடங்காத வைரஸும் அதற்குத் தப்பவில்லை. அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் ஹெச்1 என்ற ஃப்ளூ வகைக்கு மட்டும்தான். இன்னொரு வகையான ஹெச்3என்2 வந்தால் உதவாது. அதோடு, அது காப்பாற்றிக் காட்டியது எலிகளைத்தான்.

தவளை மட்டுமல்ல, பன்றி நுரையீரலில் உள்ள எஸ்பி-டி என்ற புரதமும் நம்முடையதைவிட வலுவாக ஃப்ளூ வைரஸைப் பிடிக்கிறது. ஆனாலும் எனக்கு அதிக நம்பிக்கை லாமா மேல்தான். தென் அமெரிக்காவில் வாழும் ஒட்டகக் குடும்பத்து விலங்கு அது. அதன் ஆன்டிபாடிகளில், அதாவது கிருமியைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதங்களில், ஒரு வகை, வைரஸைப் பிடிக்கும் பகுதி மிகச் சிறியதாக இருப்பதால், நம்முடையது நுழைய முடியாத இடுக்கிலும் போய் ஒட்டிக்கொள்ளும். 2018இல் அப்படி நான்கை ஒன்றாகக் கோத்து, ஏ, பி இரண்டு வகை ஃப்ளூவிலிருந்தும் எலிகளைக் காப்பாற்றினார்கள். அதே ஆண்டு, லாமா ஆன்டிபாடியிலிருந்து உருவான கேப்லாசிசுமாப் என்ற மருந்துக்கு, அரிதான ஒரு ரத்த உறைவு நோய்க்காக ஐரோப்பாவில் அனுமதியும் கிடைத்தது. விலங்கின் புரதம் மனிதருக்கு மருந்தாக வர முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஃப்ளூவுக்கும் ஒரு நாள் வரும் என்று மனதார நம்புகிறேன்.

அது வரும்வரை ஊசியை விட்டுவிடாதீர்கள், அத்தை. நம் பக்கம் ஃப்ளூ அதிகமாவது வடகிழக்குப் பருவமழையின்போது. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் பிடிக்கும். செப்டம்பரிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மாமாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.