விடாத தொண்டை வலி: கலாவுக்கு ஒரு கடிதம்

அன்பு கலா,

உன் கடிதம் வந்தது. மகனுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை, இவரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். கணக்குப் பரீட்சை என்றாலே காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளும் பிள்ளை அவன்! இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், அவள் பின்னாலேயே என் பகல் பொழுது ஓடிவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் போகிற போக்கில், ஆறு வாரமாகத் தொண்டை வலி விடவில்லை, மருந்துக்கடையில் இரண்டு முறை ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறாய். காது மூக்கு தொண்டைப் பிரிவில் இத்தனை வருடம் நர்ஸாக இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், மூன்றாவது முறை வாங்காதே.

தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வருவது வேறு மாதிரி இருக்கும். திடீரென்று காய்ச்சல் அடிக்கும், விழுங்க முடியாது, கழுத்தில் நெறி கட்டும், டான்சிலில் வெள்ளை படியும், இருமல் அநேகமாக இருக்காது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம். அவர்களுக்குச் சோதித்துப் பார்த்து முழு அளவு மருந்து கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சிலருக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுவிடும். உனக்கு அப்படி எதுவும் இல்லை. காலையில்தான் அதிகம், குரல் கம்முகிறது, எதையோ விழுங்கி அது நடுவில் நின்றது போல இருக்கிறது, செருமிக்கொண்டே இருக்கிறேன் என்கிறாய். இத்தனை வாரம் நீடிக்கும் வலிக்குக் காரணம் பல நேரம் தொண்டையிலேயே இருப்பதில்லை.

எனக்கு முதலில் சந்தேகம் வருவது உன் வயிற்றின் மேல்தான். இரவு வெகுநேரம் விடைத்தாள் திருத்திவிட்டு, சாப்பிட்ட கையோடு படுக்கிறவள் நீ. படுத்தபின் வயிற்று அமிலமும் பெப்சின் என்ற செரிமானப் பொருளும் மேலே ஏறி வருகின்றன. வயிற்றின் உட்சுவர் அதைத் தாங்கும், உணவுக்குழாய்கூட ஓரளவு தாங்கும். குரல்வளையோ கொஞ்சம் பட்டாலே புண்ணாகிவிடும். நெஞ்சுக்கரிச்சலே இல்லையே என்று நீ கேட்பாய். இந்த வகையில் பலருக்கு அது இருப்பதே இல்லை, அதனால்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து ஒரு சாண் உயர்த்து. தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்தும், அது வேண்டாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அவசரப்படாதே. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அடுத்தது மூக்கு. ஒவ்வாமையோ சைனஸோ இருந்தால் சளி பின்வழியாக இறங்கித் தொண்டையை அரித்துக்கொண்டே இருக்கும். மூக்கடைப்பால் வாயைத் திறந்து தூங்கினாலும் காலையில் தொண்டை காய்ந்து எரியும். நீ குறட்டை விடுகிறாயா என்று உன் வீட்டுக்காரரைக் கேட்டுப் பார்.

அப்புறம் உன் குரல். நாள் முழுக்க வகுப்பில் சத்தமாகப் பேசுகிறாய், நடுவில் செருமுகிறாய். செருமுவது ஆறுகிற புண்ணைச் சொறிவது மாதிரி. செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடி. குரலுக்கு ஓய்வு என்று நினைத்துக் கிசுகிசுப்பதும் தப்பு, அதுவும் குரல்நாண்களை வருத்தும். மெதுவாக, இயல்பான குரலில் பேசு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும். காரணத்தை அது தீர்க்காது, ஆனாலும் செய்.

இரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலும் தொண்டை நமைச்சலும் தரும், ஆரம்பித்துப் பல மாதம் கழித்துக்கூட. அதற்காக நீயே நிறுத்திவிடாதே, டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். உன் தங்கை தைராய்டுக்குக் கார்பிமசோல் எடுக்கிறாளே, அவளிடம் ஒன்று சொல்லி வை. அவளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய் இரத்த அணுக்களைச் சோதிக்க வேண்டும். அபூர்வமாக அந்த மருந்து வெள்ளணுக்களைக் குறைத்துவிடும், அது ஆபத்து.

இப்போது நான் சொல்லப்போவதைப் பார்த்துப் பயப்படாதே. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வலித்தாலோ, காதில் கோளாறு ஒன்றும் இல்லாமலே காது வலித்தாலோ, விழுங்குவது கடினமானாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ, எச்சிலில் இரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. புகையிலையும் மதுவும் தொடாதவர்களுக்கும் ஹெச்பிவி வைரஸால் தொண்டைப் புற்றுநோய் வருவதுண்டு. உனக்கு அப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆறு வாரமாகக் குரல் கம்மியிருக்கும்போது, சோதித்துப் பார்க்காமல் அப்படி இல்லையென்று யாராலும் சொல்ல முடியாது. மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்ப்பார்கள். மரத்துப்போக ஸ்பிரே அடிப்பார்கள், சில நிமிட வேலை. கூச்சமாக இருக்குமே தவிர பெரிய வலி இருக்காது. எத்தனையோ பேரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

மூச்சுவிடச் சிரமம், எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலை, வாய் திறக்க முடியாத வலி இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடு.

இந்த வாரமே அரை நாள் விடுப்புப் போட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போ. இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ, இரண்டு முறை வாங்கிய ஆன்டிபயாடிக்கையும் மறைக்காமல் சொல். என்றைக்குப் போகிறாய் என்று எனக்குத் தெரிவி. அன்று சாயங்காலம் போன் செய்கிறேன். நீ அதிகம் பேச வேண்டாம், டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் சொன்னால் போதும்.

அன்புடன்,
சரசு