தை மாதப் படப்பிடிப்பு: ஓரியன் நெபுலா

உறுப்பினர்களுக்கு வணக்கம். போகிப் புகை அடங்கியபின் வரும் நிலவற்ற இரவுகளில், வடசென்னையில் இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள நம் மொட்டை மாடிகளிலிருந்து, சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா என்னும் ஒளிரும் வாயு முகிலை அனைவரும் படமெடுத்து, அப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிப் பார்க்கலாம் என எண்ணுகிறோம்.

தெற்கே நகரின் ஒளியும் வடக்கே ஆலை விளக்குகளும் சூழ்ந்திருக்க, கிழக்கே கடல் இருப்பதே நமக்குள்ள ஒரே சலுகை. ஓரியன் அத்திசையில் எழுந்து, ஜனவரி நடுவில் இரவு 10 மணியளவில் ஏறத்தாழ 72 பாகை உயரத்தை எட்டுவதால், ஏழரைக்கே தொடங்கிவிடுவது நல்லது. வானின் சுழற்சியைக் கருவி பின்தொடர, அதைத் துருவ விண்மீனைக் கொண்டு சீரமைப்பது வழக்கம். அவ்விண்மீன் இங்கு 13 பாகை உயரத்திலேயே நிற்பதால் பலருக்கு அடுக்குமாடிகள் அதை மறைத்துவிடும். அவர்கள் நினா (N.I.N.A.) என்னும் வானியல் படப்பிடிப்பு மென்பொருளின் மூன்று புள்ளி முறையில் வானின் வேறு பகுதியைக் கொண்டே கருவியைச் சீரமைக்கலாம்.

சோடியம் விளக்கொளியை வடிகட்டுவது எளிது. எல்இடி தெருவிளக்கின் ஒளியோ பல நிறங்களிலும் பரவுவதால், நெபுலா உமிழும் 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளியையும் 501 நானோமீட்டர் ஆக்சிஜன் ஒளியையும் மட்டும் விடும் இரட்டைப்பட்டை ஃபில்டரே, விலை கூடியதாயினும், முதலில் வாங்கத்தக்கது என்பது என் கருத்து. அடுக்கும் படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால்தான், படத்தில் புள்ளிபுள்ளியாய்த் தெரியும் இரைச்சல் பாதியாகும். நெபுலாவின் நடுப்பகுதி வெளுத்துவிடாதிருக்க, சில விநாடிகள் மட்டுமே ஒளி விழவிட்ட படங்களையும் தனியே எடுத்துவையுங்கள்.

குழுவில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடுமாதலால், மூலக் கோப்புகளைக் கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை மட்டும் இங்கே பகிருங்கள்.