0.08 என்றால் சின்ன எண் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றிய கட்டுரையில் சிகிச்சைக்குப் பிறகும் எஞ்சியிருக்கும் புற்றணுக்களைத் தேடும் எம்.ஆர்.டி. சோதனையை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது அதுதான்.

ஐந்து வயது மகளுக்கு ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். கீமோ தொடங்கிய 29-ஆம் நாள் எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள். நுண்ணோக்கியில் புற்றணுக்கள் 5 சதவீதத்துக்கும் கீழே, ‘ரெமிஷன்’, அதாவது நோய் அடங்கிவிட்டது என்றார்கள். சரி, பிழைத்தோம் என்று அழுதேவிட்டேன். அப்புறம் எம்.ஆர்.டி. முடிவு என்று இன்னொரு தாள் வந்தது: 0.08 சதவீதம். இத்தனூண்டுக்கா கவலை என்றேன். அணுக்களை ஒவ்வொன்றாக ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற முறையில்தான் இதைப் பார்க்கிறார்கள்; அது 10,000 அணுக்களில் ஒன்று ஒளிந்திருந்தாலும் காட்டிவிடுமாம். பொதுவாக 0.01 சதவீதம்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் நோய் திரும்பும் ஆபத்து கூடுதல் என்று டாக்டர் விளக்கினார்.

ஊசியில் முதலில் உறிஞ்சும் மஜ்ஜையைத்தான் இந்தச் சோதனைக்குத் தர வேண்டும். பின்னால் எடுப்பதில் ரத்தம் கலந்து எண் குறைந்து தெரியும். பெற்றோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தப்பில்லை.

மருந்தைக் கூட்டினார்கள். அடுத்த சோதனையில் ஒன்றும் தென்படவில்லை. அதற்காக மருந்தை நிறுத்த முடியாது. மொத்தச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டு ஓடும். மகளுக்கு இந்த எண்ணெல்லாம் தெரியாது. முடி எப்போது வளரும் என்பதுதான் அவள் கேள்வி.

இப்படிக்கு,
ஒரு தாய்