கீழ்த்தளக் குளியல் தொட்டிக்குள் தெருச் சாக்கடை ஏறுவது குறித்த புகார்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்கள், கே.கே.நகர், மதுரை.

பெறுநர்:
மேலாளர், குளியலறை அமைப்புப் பிரிவு.

பொருள்: தரைக்குக் கீழுள்ள தளத்தில் அமைத்த குளியல் தொட்டியின் வடிகால் குறைபாடு, உங்கள் செலவில் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். நீங்கள் பதித்துக் கொடுத்த 5 அடி அக்ரிலிக் தொட்டிக்குள், கனமழை பெய்த இரண்டு இரவுகளிலும் சாக்கடைத் தண்ணீர் ஏறி நின்றது. வடிகால் துளைக்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று தொட்டியைச் சுற்றிப் படிந்திருக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

“பைப்புக்கு வாட்டம் சரியாக இருக்கிறது, கோளாறு தெருவில்தான்” என்கிறார் உங்கள் சூப்பர்வைசர். வாட்டம், அதாவது சரிவு, சரிதான், மறுக்கவில்லை. டியூப் லெவல் பிடித்து அளந்ததில், ரோட்டிலிருந்து கீழ்த்தளத் தரை 4½ அடி பள்ளம். தொட்டிக்காக அதில் இன்னும் 9 அங்குலம் வெட்டியிருக்கிறீர்கள். மேன்ஹோலின் அடி 7 அடி ஆழம். இடையே 30 அடி தூரத்துக்கு, 40 அடிக்கு 1 அடி வாட்டம் என்றால் 9 அங்குலம் இறங்கினால் போதும். ஆகவே வெயில் நாளில் தண்ணீர் ஓடத்தான் செய்யும். வேலை முடிந்த அன்று நீங்கள் ஊற்றிக் காட்டிய இரண்டு வாளியும் ஓடியது.

ஆனால் கீழ்த்தளக் குளியலறைக்கு முதலில் பார்க்க வேண்டியது மேன்ஹோல் மூடியின் மட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதாளச் சாக்கடை நிரம்பிவிட்டால் தண்ணீர் மூடிவரை ஏறி நிற்கும். அந்த மட்டத்துக்குக் கீழே எந்தத் துளை திறந்திருந்தாலும் அதன் வழியே வீட்டுக்குள் வரும். எங்கள் தொட்டியின் விளிம்பே மூடிக்கு மூன்றரை அடிக்கும் கீழே இருக்கிறது. மழை சீக்கிரம் விட்டதால் நாலு விரற்கடையோடு நின்றது. இல்லாவிட்டால் தளம் முழுக்க நிறைந்திருக்கும். இந்த ஆழத்தில் மோட்டார் வைக்காமல் நேரே தெரு லைனில் இணைத்தது அடிப்படைத் தவறு.

லைனில் ஒரு என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. தெருத் தண்ணீர் எதிர்த்து வரும்போது வால்வு மூடிக்கொண்டால் எங்கள் தண்ணீருக்கும் போக்கிடம் இல்லை. வால்வின் தட்டுக்கடியில் ஒரு முடிக்கற்றை சிக்கினாலே போதும், முழுதாக மூடாது. அதையும் டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிட்டால் யார் எடுத்துச் சுத்தம் செய்வது?

தேவை ஒரு சேகரிப்புத் தொட்டி. 2 அடிக்கு 2 அடி, பைப் வந்து விழும் மட்டத்துக்குக் கீழே 3 அடி ஆழம். இது ஏறக்குறைய 340 லிட்டர். மோட்டார் முங்குவதற்காக அடியில் எப்போதும் நிற்கும் ஓரடித் தண்ணீரைக் கழித்தாலும், கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு குளியல் தொட்டி நிறைந்த 200 லிட்டரைத் தாங்கும். கழிப்பறைக் கழிவும் இதில்தான் விழும் என்பதால் சாதாரணத் தண்ணீர் மோட்டார் ஆகாது, கழிவு தள்ளும் மோட்டார்தான் வேண்டும். மிதவை சுவிட்சோடு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக. மேலேறும் பைப் ரோட்டு மட்டத்துக்கு ஓரடி மேலே போய் வளைந்து சேம்பரில் இறங்க வேண்டும். என்.ஆர்.வி.யும் கேட் வால்வும் இந்தப் பைப்பில், கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

வடிகால் லைனுக்குக் காற்றுக் குழாயே போடவில்லை. குளியல் தொட்டி வடியும் கடைசி நேரத்தில் தரை ட்ராப் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) ‘களக் களக்’ என்கிறது. ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தால் 2 அங்குலம் நிற்க வேண்டிய தண்ணீர் அரை அங்குலம்தான் இருக்கிறது. மீதியை லைன் உறிஞ்சிவிடுகிறது; நாற்றம் அந்த வழியாகத்தான் வருகிறது. மொட்டை மாடி வரை குழாய் ஏற்றினாலொழிய இது தீராது.

தரையை வெட்டியபோது அடியிலிருந்த வாட்டர் புரூஃபிங் அறுந்துவிட்டது. அதன் மேல் வெறும் சிமெண்ட் பூச்சு மட்டும் பூசியிருக்கிறீர்கள். கண்மாய் பெருகி ஊற்று மட்டம் ஏறும் இந்தப் பகுதியில் அது தாங்காது. இப்போதே குழியின் மூலைகள் கசிகின்றன.

தொட்டி நாலு கால்களில் மட்டும் நிற்கிறது, அடியில் கலவைப் படுகை இல்லை. உள்ளே இறங்கினால் அடிப்பாகம் நெளிகிறது. சுவரோரம் வைத்த ஒயிட் சிமெண்ட் அதனால்தான் ஒரே வாரத்தில் விண்டது. அந்த இடத்துக்கு சிலிக்கான் வேண்டும். அதுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பாரத்தில் அது இறங்கிய பிறகு அடித்து, 24 மணி நேரம் காயவிட்டுத்தான் தண்ணீரை விட வேண்டும்.

ஆகவே தொட்டியை எடுத்து, வாட்டர் புரூஃபிங், சேகரிப்புத் தொட்டி, காற்றுக் குழாய் வேலைகளை முடித்த பிறகு மறுபடி பதித்துத் தர வேண்டும். தலைமாட்டு மேடையில் ட்ராப்பை எட்டுவதற்கு ஓரடிச் சதுரத்தில் கழற்றி மாட்டும் மூடி வேண்டும்; இப்போது அங்கே முழுக்க டைல்ஸ் ஒட்டி அடைத்திருக்கிறீர்கள். உடைபடும் டைல்ஸின் செலவும் உங்களுடையதே.

15 நாளுக்குள் வேலை தொடங்கும் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். தவறினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வோம். ஓவர்ஃபுளோ துளைவரை தண்ணீர் நிறைத்து, 24 மணி நேரம் நிறுத்தி, எந்த இணைப்பிலும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்று நாங்கள் பார்த்துக் கையெழுத்திடும்வரை ஒரு டைல்ஸ்கூட ஒட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்கள்

இணைப்பு: பில் நகல், மட்ட அளவுகள், 6 புகைப்படங்கள்.