கால்பந்துச் சங்க ஆண்டறிக்கை: செயலாளர் வாசிப்பது

தலைவர் அண்ணனுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

ஆயுத பூஜை, பொங்கல் போட்டி, கோடைப் பயிற்சி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கோல் வலை கிழிந்தது, தைத்தோம், மறுபடி கிழிந்திருக்கிறது.

ஜனவரி 28 அன்று டாக்டர் தாலிமெரன் ஆவோ பிறந்தநாளை நடத்தியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'அல்சூரில் உட்கார்ந்துகொண்டு நாகாலாந்துக்காரருக்கு எதற்குச் சங்கப் பணத்தில் விழா' என்று டீக்கடையில் பேசியது என் காதுக்கும் வந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணிக்குக் கேப்டன் அவர், தொடக்க விழாவில் நாட்டுக்கொடியைப் பிடித்து நடந்தவரும் அவரே. பெரும்பாலானோர் வெறுங்காலில் ஆடி, இரண்டு பெனால்டியை வீணாக்கியும் பிரான்ஸோடு 70வது நிமிஷத்தில் சமன் செய்தோம், 89ல் அவர்கள் அடித்து 2-1 ஆக்கிவிட்டார்கள். நம்முடைய அந்த ஒரு கோலைப் போட்டது யார்? இதே பெங்களூர் சாரங்கபாணி ராமன். ராமன் நம்மவர் என்றால் அவருடைய கேப்டன் மட்டும் எப்படி அந்நியர்?

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அப்புறம் நடந்ததுதான். கல்கத்தா கிளப்பான மோகன் பகானில் ஆடிக்கொண்டே அங்கேயே மருத்துவம் படித்தவர் ஆவோ. லண்டன் கிளப் அர்சனல் கூப்பிட்டது என்பார்கள், போகவில்லை. மகன் டாக்டராகி ஊர் ஜனங்களைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. 1950ல் எம்.பி.பி.எஸ். முடித்தார், திப்ருகர், கோஹிமா என்று ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார், நாகாலாந்து சுகாதாரத் துறை இயக்குநராக இருந்து 1978ல் ஓய்வு பெற்றார். 1998ல் காலமானார்.

இதைச் சொல்லத்தான் நாற்காலி வாடகைக்கு எடுத்தேன். பாதிகூட நிரம்பவில்லை, போண்டா மட்டும் மிச்சமில்லை. நடுராத்திரி வரை இங்கிலீஷ் லீக் பார்க்கிறவர்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு வீடு தாண்டி வர முடியவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. அந்த 'ஏறத்தாழ' என் சொந்தப் பணம். சந்தா பாதிப் பேருக்கு மேல் பாக்கி. பெயர் வாசிக்க வேண்டாம் என்று அண்ணன் சொன்னதால் வாசிக்கவில்லை, பட்டியல் சட்டைப்பையில் இருக்கிறது.

பந்தல்காரர், நடுவர்கள், குடிதண்ணீர் கொடுத்த எதிர்வீட்டு அம்மா, எல்லோருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் வேறு யாராவது செயலாளராக வந்தால் உண்மையிலேயே சந்தோஷம், எனக்கும் முட்டி வலிக்கிறது. ஆனால் ராமனுக்கும், அதே 1948 அணியில் ஆடிய பெங்களூர்க்காரர் அகமது கானுக்கும் ஒரு மாலை விழா நடத்துவதாகப் பையன்களிடம் சொல்லிவிட்டேன். ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.